ஒரே சாக்கெட், இரண்டு வண்டி: மடிப்பாக்கம் வீட்டுக் கணக்கு

2025 மே மாதம் அக்கா போன் செய்தாள். அத்தானின் டீசல் காரில் டர்போ போய்விட்டது, கிளட்சும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், 82,000 ரூபாய் ஆகுமாம். 2014இல் வாங்கிய வண்டி. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. "செலவு பண்ணலாமா, தலைமுழுகிடலாமா? நீ கணக்குப் போட்டுச் சொல்லு" என்றாள். நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் பிளக் சம்பந்தப்பட்ட எல்லா வழக்கும் என்னிடம்தான் வரும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் அக்காவுக்காக வாங்கியது, 24 யூனிட் பேட்டரி. (கிலோவாட்-மணி என்று விளம்பரத்தில் போடுவதும் ஈபி பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இனி யூனிட் என்றே எழுதுகிறேன்.) டீசலைக் கொடுத்துவிட்டு இன்னொரு எலெக்ட்ரிக் எடுத்தால் வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வண்டி என்று ஒன்றுமே இருக்காது. அத்தானுக்கு அதில்தான் உறுத்தல். "ஒண்ணாவது பெட்ரோல்ல இருக்கட்டும் மாப்ளே, ஆத்திர அவசரத்துக்கு" என்றார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். அந்த ஆத்திர அவசரம் எப்போது வரும், எவ்வளவு தூரத்தில் வரும், அப்போது பெட்ரோல் வண்டி நிஜமாகவே கைகொடுக்குமா?

வீடு சென்னை மடிப்பாக்கத்தில். ஆறு பிளாட், கீழே ஸ்டில்ட் பார்க்கிங். ஆளுக்கு ஓர் இடம்தான். இரண்டாவது வண்டி தெருவில் நிற்கும். அக்கா தரமணியில் வேலை பார்க்கிறாள், போக வர 18 கிலோமீட்டர். அத்தானுக்கு மறைமலைநகர், போக வர 65. அத்தையும் (அக்காவின் மாமியார்) கூட இருக்கிறார், 76 வயது, இதய நோயாளி. மகள் கல்லூரியில், மகன் பிளஸ் ஒன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், மடிப்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர்.

டோல்கேட் சொன்ன உண்மை

வருடத்தில் எத்தனை முறை வெளியூர் போகிறீர்கள் என்று கேட்டேன். அத்தான் "மாசம் ரெண்டு தடவையாவது" என்றார். அக்கா "எங்க போனோம்? வருஷத்துக்கு நாலு தடவை" என்றாள். இரண்டையும் நம்பாமல் ஃபாஸ்டாக் கணக்கை எடுக்கச் சொன்னேன். குடும்பக் கார் கணக்குக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. எந்த டோல்கேட்டை எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தாண்டினோம் என்று வரி வரியாக இருக்கும். நமக்கு ஒரு வசதி, பரனூர் டோல்கேட் மறைமலைநகருக்குத் தெற்கே இருக்கிறது. அத்தான் வேலைக்குப் போவது அதில் பதிவாகாது. பரனூரைத் தாண்டியிருந்தால் அது வெளியூர்ப் பயணம்தான்.

பன்னிரண்டு மாதத்தில் வெளியூர்ப் பயணம் மொத்தம் பதினான்கு. அதில் ஒன்பது காஞ்சிபுரம், புதுச்சேரி, திருவண்ணாமலை, வேலூர் என்று பக்கத்து ஊர்கள். போகும்போது ஒரு தடவை, அல்லது போன இடத்தில் சாப்பிடும் நேரத்தில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் போதும். மீதி ஐந்துதான் கவனிக்க வேண்டியவை. கோவில்பட்டிக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு, கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம், கொடைக்கானல் ஒன்று. ஐந்தாவது, பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு 12 மணி 5 நிமிடத்துக்குப் பரனூரைத் தாண்டியிருக்கிறார்கள். அத்தானின் பெரியப்பா தவறிய இரவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆக, வருடத்தில் ஐந்தே பயணம். பெட்ரோல் வண்டி வேண்டும் என்கிற வாதம் இந்த ஐந்து பயணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் 'வெறும் ஐந்துதானே' என்று தள்ளவும் முடியாது. நல்லது கெட்டதுக்குப் போகிற ஐந்து பயணம் அவை.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்பது பொய்

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது என்று. தமிழ்நாட்டு ஈபி பில்லின் அமைப்பு தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2025 விலைப்படி முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக ஏறும். 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 1000ஐத் தாண்டினால் பதினொன்றரை ரூபாய்க்கு மேல். கார் குடிக்கும் மின்சாரம் வீட்டு மின்சாரத்தின் தலைமேல் போய் உட்காருகிறது. அதனால் அதற்கு எப்போதும் உச்சப்படி விலைதான்.

அக்கா வீட்டில் இரண்டு ஏசி, சின்னக் கார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் வந்துகொண்டிருந்தது, பில் 3,300 ரூபாய் அளவில். அத்தானின் வேலைப் பயணம் மாதம் 1,430 கிலோமீட்டர். நடுத்தர அளவு எலெக்ட்ரிக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.16 யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 458 யூனிட் கூடுதல். மொத்தம் 1,100ஐ ஒட்டிப் போகும், பில் எட்டாயிரத்தைத் தொடும். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை 458ஆல் வகுத்தால் யூனிட்டுக்குப் பத்தரை ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எழுபது காசு.

சரி, அப்படியும் லாபம்தானா? லாபம்தான். அப்போது டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம், 18 கிலோமீட்டர் மைலேஜ், அதாவது கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் பத்து காசு. புதிதாகப் பெட்ரோல் வண்டி எடுத்தால் 101 ரூபாய்ப் பெட்ரோலில் நகரத்துக்குள் 14தான் கிடைக்கும், ஏழு ரூபாய் இருபது காசு. பெட்ரோலோடு ஒப்பிட்டால் வேலைப் பயணத்தில் மட்டும் வருடத்துக்கு 94,000 ரூபாய் மிச்சம்.

வாங்கும் விலையில் நிலைமை இப்படி: அப்போது தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரி முழு விலக்கு. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். ஜிஎஸ்டியிலும் 2019 ஆகஸ்டிலிருந்தே மின்வாகனத்துக்கு 5 சதவீதம்தான். இதையெல்லாம் சேர்த்து அவர்கள் பார்த்த பெட்ரோல் வண்டிக்கும் எலெக்ட்ரிக் வண்டிக்கும் கையில் கொடுக்கும் பணத்தில் இரண்டரை லட்சம் வித்தியாசம். இரண்டே முக்கால் வருடத்தில் அது கழிந்துவிடும்.

இங்கே ஒன்று புரிந்தது. இதே கணக்கை அக்காவின் சின்ன வண்டிக்குப் போட்டால் வருட மிச்சம் 34,000ஐத் தாண்டாது. அவள் மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறாள். 2023இல் "முதலில் சின்ன வண்டியை மாற்றிப் பார்ப்போம், பெரியதைப் பிறகு பார்க்கலாம்" என்று யோசனை சொன்னவன் நான்தான். தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன். எது அதிகம் ஓடுகிறதோ அதில்தான் காசு இருக்கிறது.

அக்கா மகளுக்குப் பணக் கணக்கில் அக்கறையில்லை. "மாமா, கார்பன் எவ்வளவு குறையும்?" என்று கேட்டாள். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியானால் எலெக்ட்ரிக் கார் கிலோமீட்டருக்கு 110 கிராம் சொச்சம், அந்தப் பழைய டீசல் 150. இது ஓட்டும்போது வருவது மட்டும், பேட்டரி செய்யும்போது வந்தது சேரவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். தெருவில் புகை இல்லை என்பது வேறு விஷயம், அது அத்தையின் மூச்சுக்கு நல்லது.

சாக்கெட்

எல்லோரும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது சுவர். வண்டி நிற்கும் இடத்துக்கு நம் மீட்டரிலிருந்து ஒரு வயர் வருமா, வராதா?

அக்காவுக்கு ஒரே சாக்கெட், 15 ஆம்பியர். மணிக்கு மூன்று யூனிட் ஏற்றும். இரண்டு எலெக்ட்ரிக் வண்டிக்கு இது எப்படிப் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் போதும் என்று வருகிறது. அத்தானின் 65 கிலோமீட்டருக்குப் பத்தரை யூனிட், மூன்றரை மணி நேரம். அக்காவின் வண்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு, ஒரு மணி நேரம். இரண்டும் சேர்ந்து நாலரை மணி நேரம், இரவோ ஒன்பது மணி நேரம் இருக்கிறது. சின்ன வண்டியை ஞாயிறு பகலில் ஒரே தடவை போட்டுவிட்டால் வாரம் முழுக்க ஓடும். ஷோரூமில் 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் போடுங்கள், மூன்று பேஸ் மின் இணைப்பு வாங்குங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். இந்த வீட்டுக்கு அது தேவையே இல்லை.

பிரச்சினை சாக்கெட்டில் இல்லை, இடத்தில். இரண்டாவது வண்டி தெருவில் நிற்கிறது. யார் எப்போது எந்த வண்டியை உள்ளே விடுவது? கல்யாணமாகி இருபது வருடமான ஒரு ஜோடி இதைத் தினமும் பேசித் தீர்க்க வேண்டும் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல வேளையாக இரண்டாம் மாடிப் பெரியவரிடம் கார் இல்லை. அவருடைய இடத்தை மாதம் 1,500 ரூபாய் வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தார்.

அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டாவது சாக்கெட்டுக்கு எதிர்ப்பு வந்தது. தீப்பிடித்தால்? அது நியாயமான கேள்வி. பழைய சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினேன், ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. 15 ஆம்பியர் சாக்கெட் கிரைண்டருக்கும் கீசருக்கும் அரை மணி நேரம் வேலை செய்வதற்காகச் செய்தது. கார் அதில் 13 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கிறது. லூசான சாக்கெட் என்றால் உருகும். பேட்டரியைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். தொழிற்சாலைகளில் போடுகிற ரக சாக்கெட், தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுமை மீறினால் அணைந்துவிடும் தனி எம்சிபி, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்று இரண்டு இடத்துக்கும் போட்டோம். 19,000 ரூபாய் ஆயிற்று. இரண்டையும் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வைத்தோம். பழையது முழங்கால் உயரத்தில் இருந்தது. மழைக் காலத்து மடிப்பாக்கத்தில் முழங்கால் உயரம் என்றால் என்னவென்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இரண்டு இரவுகள்

முதல் இரவு, மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3 இரவு மழை வலுத்ததுமே சின்னக் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்குள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டதால் டீசலை எடுக்க முடியவில்லை. மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் உதவிக்கு வந்த ஒருவர் சாவி போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் போனபின் செய்யக்கூடாத ஒரே காரியம் அது. 70,000 ரூபாய். மின்சாரம் நான்கு நாள் இல்லை. அத்தான் இதை நினைவு வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். "நாலு நாள் கரண்ட் இல்லேன்னா ரெண்டு வண்டியும் ரெண்டு டப்பா."

நான் அந்த நான்கு நாளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சின்னக் காரில் 62 சதவீதம் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் பால் வாங்க, அத்தைக்கு மருந்து வாங்க, உறவினர் வீட்டில் குளித்துவிட்டு வர என்று மொத்தம் ஓடியது 40 கிலோமீட்டருக்குள். 35 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. பங்க்குக்குப் போனவர்கள் கதையும் கேட்டேன். பங்க்கின் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். அவர்கள் வழக்கமாகப் போடும் பங்க் அந்த நாட்களில் திறக்கவில்லை, திறந்த இடத்தில் முக்கால் மணி நேர வரிசை. அந்த நெருக்கடியில் ஓட வேண்டிய தூரம் குறைவு. கையில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது, அது எந்த எரிபொருள் என்பது இல்லை. அத்தையை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அப்படித்தான், பத்து கிலோமீட்டருக்குள் முடிகிற விஷயம்.

அவசரம் என்றால் பக்கம், தூரம் என்றால் திட்டம் போட்டுப் போவது என்று எழுதி முடித்து, இதோ தீர்ந்தது என்று நினைத்தேன். பிப்ரவரி வியாழக்கிழமை இரவு அந்த வாதத்தை உடைத்துவிட்டது.

துஷ்டிச் செய்தி வந்தது இரவு பத்தே முக்காலுக்கு. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிடுவார்கள். பதினொன்றேகாலுக்குக் கிளம்பிக் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், டீசலில். 550 கிலோமீட்டர், எந்தத் திட்டமும் இல்லை, அவசரமும் தூரமும் ஒன்றாக வந்த இரவு. தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்த எந்தக் குடும்பத்துக்கும் இது விதிவிலக்கு இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஓர் இரவு வரும்.

எலெக்ட்ரிக் என்றால் அன்று என்ன ஆகியிருக்கும்? நாங்கள் கணக்குப் போட்ட நேரத்தில் சந்தையில் இருந்த எலெக்ட்ரிக் கார்களில் விண்ட்சர் ப்ரோ 52.9 யூனிட், கிரெட்டா எலெக்ட்ரிக் 51.4, நெக்ஸான் 45, பிஇ 6 என்றால் 59இல் தொடங்கும். ஐம்பதை ஒட்டிய பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். கிரெட்டாவின் 51.4க்கு அப்போது சான்றளித்திருந்த தூரம் 473 கிலோமீட்டர். அந்தச் சோதனையில் வண்டியை உருளைகளின் மேல் ஓட்டுகிறார்கள், வேகம் 90ஐத் தாண்டாது. நெடுஞ்சாலையில் ஐந்து பேரோடு ஏசி போட்டு 90, 100 என்று போனால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முழுச் சார்ஜில் 340, கையிருப்பு 15 சதவீதம் விட்டால் 290.

வேலைக்குப் போய் வந்து இன்னும் சார்ஜில் போடாத வண்டி, 55 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். விழுப்புரத்தில் ஒரு நிறுத்தம், திருச்சியில் ஒன்று, மதுரையில் சின்னதாக ஒன்று. காலை பத்தேகாலுக்குப் போயிருப்பார்கள். முழுச் சார்ஜோடு கிளம்பியிருந்தால் பெரம்பலூரிலும் மதுரைப் பக்கத்திலும் இரண்டே நிறுத்தம், ஒன்பதரை. இரண்டு வகையிலும் எடுப்பதற்கு முன் முகம் பார்த்திருக்க முடியும். அத்தான் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி ரெண்டு மணிக்கு மூடின ஓட்டலுக்குப் பின்னால பொம்பளைப் பிள்ளைகளோட முக்கா மணி நேரம் உக்காந்திருக்கணும்லா?" என்றார். அதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. சில சார்ஜர்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கும் பங்க்குகளில் இருக்கின்றன, விளக்கு இருக்கும், ஆள் இருப்பார்கள், அவற்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

என்ன முடிவு செய்தோம்

82,000 கொடுத்து டீசலைப் பிழைக்கவைப்பது முதலில் கழிந்தது. வருடத்துக்கு ஐந்து பயணத்துக்காக ஒரு வண்டியைப் பராமரித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, தெருவில் நிறுத்தி வைப்பதில் அர்த்தமில்லை. அந்த ஐந்து பயணத்துக்கும் வாடகைக்கு வண்டி எடுத்தாலே குறைவாக ஆகும்.

கணக்கு மட்டும் பேசினால் ஜெயித்தது வேறு ஒன்று. டீசலை விற்றுவிட்டு இரண்டாவது கார் வாங்கவே வேண்டாம். 65 கிலோமீட்டருக்குச் சின்ன எலெக்ட்ரிக் தாராளமாகப் போதும், அதை அத்தான் எடுத்துக்கொள்ளட்டும், அக்கா தரமணிக்கு ஆட்டோவில் போகட்டும். எல்லாவற்றிலும் மலிவான வழி இதுதான். "என் வண்டியை அவருக்குக் குடுத்துட்டு நான் ஆட்டோவுக்கு நிக்கணுமா? எலேய், நீ எனக்குத் தம்பியா அவருக்குத் தம்பியா?" என்று அக்கா கேட்டதோடு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலையில் ஐம்பதை ஒட்டிய பேட்டரியுள்ள எலெக்ட்ரிக் ஒன்று எடுத்தார்கள். எந்த வண்டி என்பது இங்கே முக்கியமில்லை, இது வண்டி விமர்சனம் இல்லையே. டீசல் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் போனது. கூடவே ஒரு விதி: இரவு பத்து மணிக்கு இரண்டில் ஒரு வண்டியாவது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அது பெரிய வண்டியாக இருப்பது நல்லது. டிசம்பர் மாதம் வானிலை எச்சரிக்கை வந்தால் இரண்டும் நூறு.

அதன் பிறகு

நான் போட்ட எட்டாயிரம் ரூபாய் முதல் பில்லிலேயே பொய்த்தது. 8,900 வந்தது. ஒன்று, ஜூலை ஆகஸ்டு ஏசி. இன்னொன்று, எரிபொருள் செலவு உறைக்காததால் எல்லோரும் கூடுதலாக ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை மாலை கோவளம், காரணமே இல்லாமல். டிசம்பர் பில் 6,800க்கு இறங்கியது.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் இருந்தது 18ஆகக் குறைந்தது. மின்வாகனம் அதே 5. "ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமே மாப்ளே" என்று அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஓட்டத்துக்கு அப்போதும் எலெக்ட்ரிக்தான் ஜெயிக்கும், இரண்டே முக்கால் வருடம் என்பது நான்கு வருடத்தை நெருங்கும், அவ்வளவுதான். ஆனால் அக்கா மாதிரி மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவர் இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் யோசித்துத்தான் சொல்லுவேன்.

தீபாவளிக்குக் கோவில்பட்டி போனார்கள். பரனூரைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். நெரிசலில் எலெக்ட்ரிக் அதிகம் குடிக்காது, ஊர்ந்து போவது அதற்குப் பிடிக்கும். பெரம்பலூர்ப் பக்கம்தான் சிக்கல். 60 கிலோவாட் சார்ஜர், இரண்டு கன் (வண்டியில் செருகும் பிளக்). இரண்டிலும் வண்டி மாட்டினால் ஆளுக்கு 30தான் வரும், முக்கால் மணி நேரம் என்பது ஒன்றரை மணி நேரமாகிவிடும். இவர்களுக்கு முன்னால் மூன்று வண்டி. அத்தையை உட்கார வைக்க நாற்காலி இல்லை. யூனிட்டுக்கு 22 ரூபாய் வேறு, அந்த விலையில் நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் முப்பது காசு, வீட்டுக் கணக்கில் பாதி மிச்சம் அங்கேயே கரைகிறது. மொத்தப் பயணம் பதினைந்தரை மணி நேரம். பொங்கலுக்கு ஒரு நாள் முன்னதாக, காலை நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். பத்தரை மணி நேரத்தில் போய்விட்டார்கள், சார்ஜரில் ஒரு ஈ காக்கை இல்லை.

நான் எதிர்பார்க்காதது ஊரில் நடந்தது. தாத்தா கட்டிய வீடு, திண்ணையில் 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறது, ராத்திரி போட்டால் காலையில் ஏறிவிடும் என்று நம்பிப் போனார்கள். மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. அத்தான் போனில், "புது வண்டி, அதுக்குள்ள ரிப்பேரு" என்று கத்துகிறார். வண்டியில் ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு எர்த்தே கிடையாது. மூன்று முள் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டைக்கு வயரே இல்லை. ஐம்பது வருடமாக மிக்ஸியும் பம்பு செட்டும் அப்படியே ஓடியிருக்கின்றன. கார் சார்ஜர் மட்டும்தான் எர்த் இல்லாவிட்டால் ஏற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மறுநாள் ஊர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்தார்கள். வீட்டில் இத்தனை பேர் ஷாக் அடிக்காமல் தப்பித்ததே பெரிய விஷயம். காருக்குச் செலவு செய்ததில் உருப்படியானது அந்த 4,500 ரூபாய்தான் என்று நான் நினைக்கிறேன்.

கொடைக்கானல் இந்த மே மாதம். மலை ஏற எவ்வளவு ஆகும் என்று மகன் கேட்டான். வத்தலக்குண்டுப் பக்கச் சமவெளியிலிருந்து 1,800 மீட்டர் ஏற வேண்டும். ஆட்களோடு 1,900 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஒன்பது யூனிட்டுக்கு மேல். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்ப வரும். பிளஸ் ஒன் இயற்பியலில் வருகிற கணக்குதான், நீயே போடு என்று விட்டுவிட்டேன்.

இரவு பத்து மணி விதி நான் நினைத்ததைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. கதவைப் பூட்டுவதற்கு முன் "எவ்வளவு இருக்கு?" என்று அத்தை கேட்கிறாராம், கேஸை மூடியாச்சா என்று கேட்கிற அதே குரலில்.

இப்போது புதுச் சிக்கல் ஒன்று. இரண்டாம் மாடிப் பெரியவரின் மகன் பெங்களூரிலிருந்து ஜூன் மாதம் திரும்பி வருகிறார், அவருக்கு அந்த இடம் வேண்டுமாம். பெரிய வண்டியோ சின்னதோ ஒன்று மறுபடி தெருவுக்குப் போகும், ஞாயிறு பகல் மாற்றி விடும் ஏற்பாடு வரும், அத்தானும் அக்காவும் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டியிருக்கும். வருகிறவரும் எலெக்ட்ரிக் கார்தான் எடுக்கப் போகிறாராம். அந்த இடத்தில் இருக்கும் சாக்கெட் அக்காவின் மீட்டரில் இருக்கிறது. அதை அவருக்கு விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று இரண்டு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.